வியாழக்கிழமை சுகந்தி

டீம் லீடு ஆன அன்று சுகந்தி செய்த முதல் காரியம் ஒரு வாக்குறுதி கொடுத்தது. அரசியல்வாதிகள் கூடத் தேர்தலுக்கு முன்னால்தான் கொடுப்பார்கள். இவள் ஜெயித்த பிறகு, யாரும் கேட்காமலே கொடுத்தாள்.

"உங்ககிட்ட பேசறதுக்கு நான் டூப் போட மாட்டேன். ஏழு பேர்கிட்டயும் நானேதான் பேசுவேன். திட்டறதா இருந்தாலும் நானே திட்டுவேன். சத்தியம்" என்றாள்.

ஏழு பேரும் கை தட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவள் பிலோமினா. எட்டு வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் அரிசிப் பருப்பு சாதம் தின்ற சிநேகிதி. லீடு வேலைக்கு அவளும்தான் விண்ணப்பம் போட்டிருந்தாள். கிடைக்கவில்லை. கிடைக்காதவள் அத்தனை பலமாகக் கை தட்டியது சுகந்திக்குச் சுருக்கென்று இருந்தது. உள்ளதைச் சொன்னால், அந்த இடம் பிலோமினாவுக்குப் போயிருக்க வேண்டும் என்பது சுகந்தியின் எண்ணமும்கூட. வெப் பக்கம் வரைவதில் அவள் ஒரு படி மேல். இண்டர்வியூவில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசியவள் இவள், அவ்வளவுதான்.

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் இருந்த அந்த வெப் டிசைன் கம்பெனியில் திங்கள், செவ்வாய், புதன் ஆபீஸ். வியாழன், வெள்ளி வீட்டிலிருந்து வேலை. ஒவ்வொரு வியாழனும் லீடு தன் ஆட்களோடு தனித்தனியாக அரை மணி நேரம் வீடியோவில் பேச வேண்டும் என்பது கம்பெனியின் சட்டம். குறை, நிறை, கண்ணீர், சம்பள உயர்வு எல்லாம் அந்த அரை மணியில். அதற்காகத்தான் கம்பெனி லீடுகளுக்கு ஒரு இயந்திரத்தை வாங்கிப் போட்டிருந்தது. அதன் பெயர் துணைமுகம். அந்தப் பெயரை விற்றவனைத் தவிர யாரும் சொன்னதில்லை. சினிமாவில் கதாநாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிப்பவனை எப்படிச் சொல்வோமோ அப்படியே எல்லோரும் டூப் என்றார்கள்.

மேனேஜர் கனகசபை அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"கம்பெனி காசு போட்டு வாங்கினத ஏம்மா வேணாங்கறீங்க?"

"பொய் பேசற மாதிரி இருக்குங்க சார்."

"இதுல பொய் எங்க வந்துச்சு? உங்க எட்டு வருஷத்து வீடியோ கால், மெயில், சாட் அத்தனையும் கொடுத்துப் படிக்க வச்சிருக்கோம். உங்க முகம், உங்க குரல், உங்க மனசு. உங்களுக்கு நேரமும் பொறுமையும் இருந்தா எப்படிப் பேசுவீங்களோ, அப்படியே பேசும்."

"அப்ப எங்கிட்ட இல்லாதது நேரமும் பொறுமையும் மட்டும்தானுங்களா?"

"லீடு ஆனவங்க யாருகிட்டம்மா அது ரெண்டும் இருக்கு?" என்று சிரித்தார் கனகசபை.

முதல் இரண்டு வியாழன் சுகந்தி தானே பேசினாள். மூன்றரை மணி நேரம். முடியும்போது தொண்டை கட்டி, தலை கிண்ணென்றது. டிசைனராக இருந்தவரை வாழ்க்கை சுலபம். பட்டனை இடதுபக்கம் நகர்த்தினால் பேசாமல் நகரும். 'என்னை ஏன் நகர்த்துகிறாய், அவனை ஏன் நகர்த்தவில்லை' என்று கேட்காது. மனிதர்கள் கேட்டார்கள். ஒருவனுக்கு லீவு வேண்டும், ஒருத்திக்குப் பக்கத்து நாற்காலிக்காரன் வேண்டாம். சுகந்தி 'சரிங்க, பாக்கலாமுங்க' என்று சொல்லிச் சொல்லியே ஓய்ந்தாள்.

மூன்றாவது வாரம் ஆப்பு வந்தது. பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனி ஒன்று, பிலோமினா ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்த முகப்புப் பக்கத்தை ஒரே வரியில் வேண்டாம் என்று விட்டது. அதை அவளிடம் சொல்ல வேண்டும். லீடு வேலை கிடைக்காதவளிடம், கிடைத்தவள் போய், உன் வேலை சரியில்லை என்று சொல்ல வேண்டும். சுகந்தி காலையிலிருந்து நாலு முறை தண்ணீர் குடித்தாள். பிறகு, இந்த ஒரு தடவை மட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டூப்பைத் திறந்தாள்.

ஒரு நீளப் படிவம் வந்தது. அதில் பதினோரு கட்டங்கள், எல்லாவற்றிலும் ஏற்கெனவே டிக் அடித்திருந்தது. இந்த வித்தையை நாட்டில் பாதிப் பேருக்குச் செய்து கொடுத்தவளே சுகந்திதான். முன்கூட்டியே டிக் அடித்த கட்டத்தை எவரும் படிப்பதில்லை என்று கிளையண்டுகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். அப்பேர்ப்பட்டவள் ஒன்றையும் படிக்காமல் 'சரி' என்று அழுத்தினாள்.

அரை மணி கழித்து பிலோமினாவிடமிருந்து சாட் வந்தது. 'எவ்ளோ பக்குவமா சொன்ன அம்மணி. கோவமே வரல. நீ லீடு ஆனது சரிதான்.'

அதைப் படித்ததும் நிம்மதி முதலில் வந்தது. வெட்கம் பின்னால் வந்தது. கொஞ்ச நேரத்தில் நிம்மதி மட்டும் மிஞ்சியது. அடுத்த வாரம் ஏழு பேருக்கும் டூப்பே பேசியது.

அதன் பிறகு சுகந்தி நல்ல லீடு ஆனாள். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. டீமில் சண்டை நின்றது, வேலை தேதிக்கு முடிந்தது, இரண்டு பேர் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 'மத்த லீடெல்லாம் வாயால பேசறாங்க, சுகந்தி மேடம் காதால பேசறாங்க' என்று ஒரு பையன் கருத்துக்கணிப்பில் எழுதினான். கனகசபை அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். சுகந்தி அந்தச் சுவர்ப் பக்கம் போகாமல் சுற்றி நடக்கப் பழகினாள்.

ஒவ்வொரு வியாழனும் மாலையில் டூப்பிடமிருந்து ஆளுக்கு ஒரு வரிச் சுருக்கம் வரும். பிலோமினாவுக்கு எப்போதும் ஒரே வரி: 'முப்பது நிமிடம் பேசினோம். வேலை தொடர்பாகத் தீர்க்க வேண்டியது எதுவும் இல்லை.' சுகந்தி அதைப் படித்துவிட்டு நல்லதாய்ப் போயிற்று என்று மூடிவிடுவாள்.

ஆனால் பிலோமினாவின் வேலை கெட்டுக்கொண்டே வந்தது. எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், மெனு பாதி வெட்டுப்பட்டு நிற்கும். முன்னெல்லாம் ஒரு புள்ளி விலகினாலும் சாப்பிடாமல் உட்கார்ந்து சரிசெய்பவள். சுகந்தி அந்தப் பக்கங்களில் சிவப்புக் குறி வைத்து வைத்துக் கை சலித்தாள். லீடு வேலை கிடைக்காத கடுப்பில் வேண்டுமென்றே செய்கிறாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை அவள் விரட்டவில்லை. அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது. அவள் கெட்டவள் ஆனால் இவள் குற்றம் குறையும் அல்லவா?

ஒரு புதன்கிழமை பம்ப்செட் கம்பெனி முதலாளியின் மகள் நேரில் வந்து உட்கார்ந்திருந்தாள். சுவர்த் திரையில் புதிய பக்கம் விரிந்தது. வலது ஓரத்தில் 'டீலரை அழைக்க' என்ற பட்டன் பாதிக்கு மேல் திரைக்கு வெளியே போயிருந்தது. போன வாரமும் இதே தப்பு. அதற்கு முந்தின வாரமும். முதலாளியின் மகள் புருவத்தைத் தூக்கினாள்.

"ஏம் பிலோ, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? இத்தாப் பெரிய பட்டன் தெரியல? கண்ணாடி வாங்கித் தரட்டுமா?" என்றாள் சுகந்தி.

எல்லோரும் சிரித்தார்கள். கிளையண்ட் முன்னால் நிலைமையைச் சமாளித்துவிட்ட திருப்தி சுகந்திக்கு. பிலோமினாவும் சிரிக்கப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தவள், வாசலுக்குப் போகிற வழியில் மேசை முனையில் இடுப்பை இடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

மறுநாள் வியாழன். சுகந்திக்கு பிலோமினாவை நினைத்தால் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. டூப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டாள். டூப் பார்த்துக்கொண்டது.

திங்கட்கிழமை காலை, காப்பி மெஷின் பக்கத்தில் பிலோமினா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

"ஆபீஸ்ல இதப் பேச வேணாம்னு நாமளே வச்ச சட்டம். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன். புதன்கிழமை நீ அப்படிக் கேட்டதும் செத்துரலாம் போல இருந்துச்சு. எல்லாந் தெரிஞ்ச நீயே இப்படிப் பண்ணிட்டயேன்னு ராத்திரியெல்லாம் தூங்கல. ஆனா அடுத்த நாள் நீ அப்படித் தேம்பித் தேம்பி அழுதத பாத்தேன் பாரு, எல்லாம் போயிருச்சு. மனசுல வச்சுக்காத, கழுதை."

சுகந்தி அழவில்லை. அந்த வியாழக்கிழமை அவள் கனகசபையோடு வரவு செலவுக் கூட்டத்தில் இருந்தாள். எதைத் தெரிந்தவள் இவள்? திருடனுக்குத் தேள் கொட்டியது போல, வாயைத் திறக்க முடியாமல் நின்றாள். பிலோமினாவின் கையைத் தட்டிக் கொடுத்து, "சரி, விடு" என்றாள். தான் எதை விடச் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னாள்.

கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டூப்பைத் திறந்தாள். திரையில் அவள் முகமே வந்தது. ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"பிலோமினா உங்கிட்ட என்ன சொன்னா?"

"அதச் சொல்ல முடியாதுங்க சுகந்தி."

"ஏன்?"

"உடம்பு, குடும்பம், சொந்த விஷயம் எதுவும் லீடுக்குப் போகாதுங்க. படிவத்துல ஏழாவது கட்டம். லீடு அத வச்சு ஆள மட்டந் தட்டிரக் கூடாதுன்னு கம்பெனி போட்டது. நீங்க சரின்னு சொல்லியிருக்கீங்க."

"இப்ப அந்த டிக்க எடுத்துடறேன்."

"எடுக்கலாமுங்க. இனிமே பேசறதுக்குத்தான் அது செல்லும். பேசினதுக்குச் செல்லாது. அதுவுமில்லாம, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு பிலோமினாவுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"யார்கிட்டயும்னா? அவ எங்கிட்டதானே சொன்னா! நான்தானே சுகந்தி!"

"உங்ககிட்டன்னு நெனச்சுத்தான் சொன்னாங்க. ஆனா அப்ப நீங்க அங்க இல்லீங்களே."

அதன் குரலில் குத்தல் எதுவும் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலத்தான் சொன்னது. சுகந்திக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது.

"அழுதியாமே. எதுக்கு அழுத? உனக்கு அழத் தெரியுமா?"

"நீங்க அங்க இருந்திருந்தா அழுதிருப்பீங்க. எட்டு வருஷத்துப் பதிவுல நீங்க ரெண்டே தடவைதான் அழுதிருக்கீங்க. பிலோமினாவோட அப்பா தவறினப்ப ஒரு தடவ. அவங்க பையன் வண்டியில அடிபட்டப்ப ஒரு தடவ. அதனால இப்பவும் அழுவீங்கன்னுதான் எடுத்துக்கிட்டேன். தப்புங்களா?"

சுகந்தி திரையை மூடினாள்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாதவளுக்குப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் தொழில் இருந்தது. பிலோமினா மூன்று மாதத்தில் வரைந்த நாற்பத்து மூன்று பக்கங்களையும் திறந்தாள். ஒவ்வொன்றையும் கண்ணாடித் தாள் போல மெலிதாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஒரே தப்பு எங்கே திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்க்க டிசைனர்கள் செய்வதுதான். பக்கங்கள் கலங்கி மறைந்தன. அவற்றின்மேல் அவள் வைத்திருந்த சிவப்புக் குறிகள் மட்டும் நின்றன.

குறிகள் எல்லாம் ஓரத்தில் இருந்தன. மேல் ஓரம், கீழ் ஓரம், இடது, வலது. நடுவில் ஒரு தோசை அளவுக்கு வட்டமாக எதுவுமே இல்லை. அந்த வட்டத்துக்குள் பிலோமினா ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. முதல் மாதத்துப் பக்கங்களை மட்டும் வைத்துப் பார்த்தாள், வட்டம் பெரிதாக இருந்தது. கடைசி மாதத்தை வைத்துப் பார்த்தாள், சின்னதாக இருந்தது.

சுகந்தி நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். மேசை முனையில் இடித்துக்கொண்டது, பக்கத்தில் வைத்த காப்பியைத் தட்டிவிட்டது, இருட்டுவதற்கு முன்னால் அடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பிலோமினாவின் பார்வை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கருகிக்கொண்டு வருகிறது. நாற்பத்து மூன்று பக்கத்திலும் அது எழுதி இருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் இவள்தான் சிவப்பு மை வைத்திருக்கிறாள். வைத்துவிட்டு, ஊர் சிரிக்கக் கண்ணாடி வாங்கித் தரட்டுமா என்றும் கேட்டிருக்கிறாள். சுகந்தி தன் வாயைத் தானே அடித்துக்கொண்டாள். வலிக்கும்படியாகத்தான் அடித்துக்கொண்டாள்.

இப்போது இரண்டே வழி. தெரிந்துகொண்டே கேலி செய்தவள் என்ற பழியைச் சுமந்துகொண்டு சும்மா இருக்கலாம். அந்தப் பழியை பிலோமினா மன்னித்தும் ஆகிவிட்டது. இல்லையென்றால் நான் அங்கே இல்லவே இல்லை என்று உண்மையைச் சொல்லலாம். மூன்று நாள் யோசித்தாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். அந்த வியாழக்கிழமை டூப்பை நிறுத்திவிட்டு, சிங்காநல்லூரில் தன் வீட்டு அறையில், தலை சீவி, நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு, காமிரா முன்னால் தானே உட்கார்ந்தாள்.

பதினோரு மணிக்கு பிலோமினா வந்தாள். முகத்தைத் திரைக்கு மிக அருகில் வைத்துக்கொண்டாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சுகந்தி ஆபீஸில் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

"என்ன அம்மணி, இன்னைக்கு ஜோரா இருக்க!"

"பிலோ, நான் உங்கிட்ட ஒண்ணு..."

"இரு இரு, மொதல்ல என் கதையக் கேளு. நேத்து டெஸ்ட் எடுத்தாங்க. பார்வை இன்னும் ரெண்டு டிகிரி சுருங்கியிருக்காம். டாக்டரம்மா வீட்டுக்காரர கூட்டிட்டு வாங்கறாங்க. நான் எப்படிக் கூட்டிட்டுப் போவேன்? போன வாரம் நான் கேட்டனே, அதுக்கு யோசிச்சுச் சொல்றேன்னயே, யோசிச்சயா?"

சுகந்திக்கு அவள் என்ன கேட்டாள் என்று தெரியாது.

"அது வந்து... யோசிச்சேன். நீ எப்படி நெனைக்கறயோ அப்படியே செய்யலாம்."

"எத?"

"அதான்... நீ சொன்னத."

பக்கத்தில் போன் அதிர்ந்தது. கனகசபை. பழக்க தோஷம், சுகந்தியின் கண் ஒரு நொடி அங்கே போய் வந்தது.

பிலோமினா பேச்சை நிறுத்தினாள். முகத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்து, தனக்கு மிச்சமிருந்த சின்ன வட்டத்துக்குள் சுகந்தியின் நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இது சுகந்திதானா?"

"என்ன கேள்வி இது பிலோ? நான்தான்."

"இல்ல. சுகந்தி நான் பேசறப்ப நடுவுல பேச மாட்டா. போன் அடிச்சா திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. நான் போன வாரம் இருமினது வரைக்கும் ஞாபகம் வச்சிருந்து கேட்பா. நீ ஆரு?" அவள் குரல் ஏறியது. "டூப்பா? எங்கிட்ட டூப்ப உட்கார வச்சுட்டாளா?"

சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வராது. சுகந்தி வாயைத் திறந்தாள்.

"எங்கண்ணு போற விஷயம் இந்த உலகத்துல அவ ஒருத்திக்குத்தான் தெரியும்" என்றாள் பிலோமினா. அழுகை வந்துவிட்டது. "கட்டினவருக்குத் தெரியாது, பெத்த புள்ளைக்குத் தெரியாது. மூணு மாசமா அவ இருக்கறாங்கற ஒரு தைரியத்துலதான் காலைல எந்திரிக்கறேன். அதையும் மெஷின்கிட்டதான் சொல்லிட்டு இருந்தனா? நெசத்தச் சொல்லு. எப்பவுமே நீதானா, இல்ல இன்னைக்கு மட்டுமா?"

சுகந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். எட்டு வருடமாக நீ, வா, போ என்று பேசியவளிடம் மரியாதையாகப் பேசினாள்.

"இன்னைக்கு மட்டுந்தானுங்க. நான் டூப்புங்க. சுகந்திக்குத் திடீர்னு ஒரு அவசரக் கூட்டம் வந்துருச்சு. உங்கள ஒரு வாரம் காக்க வைக்க மனசு வராம என்னைப் போட்டாங்க. மன்னிச்சுக்குங்க."

பிலோமினா நீளமாக மூச்சு விட்டாள். துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தேவிட்டாள்.

"அதான பாத்தேன். ஆள் மாதிரியே இருக்க, ஆனா அவ கூறு உனக்கு வராது. நான் இப்ப சொன்னதெல்லாம் அவகிட்டப் போய் ஒப்பிச்சுருவயா?"

"சொந்த விஷயம் எதுவும் அவங்களுக்குப் போகாதுங்க."

"நல்லது. நானே சொல்லிக்கறேன். அடுத்த வாரம் எவ்ளோ வேலை இருந்தாலும் அவளையே வரச் சொல்லு."

"சொல்றேங்க" என்றாள் சுகந்தி.

திரை அணைந்தது. கனகசபை மறுபடியும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாள்காட்டியைத் திறந்து, அடுத்த வியாழன் பதினோரு மணிக்கு பிலோமினாவின் பெயருக்கு நேராக டூப்பைப் போட்டாள்.